யோசுவா தம்பையா வாக்கர்: பெயரை முழுமையாக எழுதுகிறேன்

1997 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை ஏழு மணி பத்து நிமிடத்துக்கு சுவிஸின் எம்மன்புரூக்கேயிலுள்ள எங்கள் வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. பேசியவர் திரு. வாக்கரின் ஒரே மகள் கிரேஸ்.

“அங்கிள், அப்பா போயிட்டார். விடிய ஆறு மணிக்கு. ஹொஸ்பிற்றலிலதான். நான் பக்கத்தில இருந்தனான்” என்றார். அழவில்லை. பிறகு, “ஆக்களுக்கு நீங்கள் அறிவியுங்கோ. ஆனா முழுப் பேரையும் சொல்லுங்கோ” என்றார்.

எங்கள் தமிழ்ச் சங்கம் வெளியிட்ட மரண அறிவித்தலில் மார்ச் 10 என்று அச்சாகியுள்ளது. அது தவறு. பெயர் ‘திரு. யோசுவா தம்பையா’ என்று மட்டும் அச்சாகியுள்ளது. அதுவும் தவறு. திகதியில் நேர்ந்தது கவனக்குறைவு. அதை நான் மன்னிப்பேன். பெயரைக் குறைத்தவர்கள் கவனத்துடனேயே குறைத்தார்கள். ஏப்ரல் 10ஆம் திகதி, முப்பத்தோராம் நாள் பிரார்த்தனைக்கு வருவோரிடம் வழங்கப்படும் இச்சிறு நூலுக்கு ஒரு கட்டுரை வேண்டுமென்று கிரேஸ் கேட்டார். கோபம் தணிந்தபின் எழுதலாம் என்று பன்னிரண்டு நாட்கள் காத்திருந்தேன். தணியவில்லை. எனவே கோபத்துடனேயே எழுதுகிறேன்.

அவரை நான் முதன்முதலில் கண்டது 1958 ஜூன் 2, திங்கட்கிழமை, யாழ்ப்பாணக் காணிப் பதிவுக் கந்தோரில். ‘ஜே. ரி. வாக்கர்’ என்றொருவர் எழுதுவினைஞராக வருகிறார் என்று கடிதம் வந்திருந்தது. வருபவர் பறங்கியர் என்று எண்ணிய தலைமை எழுதுவினைஞர் அன்று கழுத்துப்பட்டி கட்டி வந்திருந்தார். வந்தவரோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளிலிருந்து இறங்கிய, மெலிந்த, கறுத்த, உயரமான இளைஞர். பண்டத்தரிப்பைச் சேர்ந்தவர். வயது இருபத்தேழு. நான் அவரிலும் ஆறு வயது மூத்தவன். ஆகவே முதல் நாளிலிருந்தே என்னை ‘அண்ணை’ என்றார்.

வாக்கர் என்றால் நடப்பவர் என்றுதான் நாங்கள் அனைவரும் எண்ணியிருந்தோம். அவரும் அப்படித்தான் எண்ணியிருந்தார். “என்ன காணும், வாக்கர் எண்டு பேரை வைச்சுக்கொண்டு சைக்கிளில வாறீர்?” என்று கந்தோரில் கேலி செய்வோம். “பேர் எனக்கு முன்னமே நடந்து வந்திட்டுது அண்ணை. அதைப் பிடிக்கத்தான் நான் சைக்கிளில வாறன்” என்பார்.

அந்தப் பெயர் நடந்து வரவில்லை, கப்பலில் வந்தது. அவருடைய பூட்டனாரின் பெயர் முருகேசு. அமெரிக்க மிஷனரிமார் நடத்திய விடுதிப் பாடசாலையில் சிறு வயதில் சேர்க்கப்பட்டவர். அக்காலத்தில் அமெரிக்காவிலிருந்து ஒரு பிள்ளையின் படிப்பைத் தாங்கும் அன்பர், தம் பெயரையோ இறந்துபோன தம் உறவினரின் பெயரையோ அந்தப் பிள்ளைக்கு இடும்படி கேட்கும் வழக்கம் இருந்தது. முருகேசுவாக உள்ளே போனவர் வாக்கராக வெளியே வந்தார். அது எந்த ஆண்டு என்று பலமுறை கேட்டேன். “தெரியாது அண்ணை” என்பார். தெரியாத ஆண்டை நானும் இங்கே எழுதப்போவதில்லை. அந்த அன்பர் உழவரோ, கடைக்காரரோ, போதகரோ, அதுவும் தெரியாது. யாழ்ப்பாணம் எந்தத் திசையில் இருக்கிறதென்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஆயினும் அவருடைய பெயர் மூன்று தலைமுறைகளாக எங்கள் ஊர்க் காணி உறுதிப் பத்திரங்களில் சாட்சிக் கையொப்பமாக விழுந்தது.

திரு. வாக்கர், மனைவி காலமானபின், மகளை அழைத்துக்கொண்டு 1985இல் சுவிஸுக்கு வந்தார். 1987இல் என் மகன் என்னை அழைத்தான். இருவரும் எம்மன்புரூக்கேயில் இரண்டு தெருக்கள் தள்ளி வசிக்கும்படி நேர்ந்தது. லூசேர்னில் ஒரு மருத்துவமனையின் சலவைப் பகுதியில் அவருக்கு வேலை கிடைத்தது. முப்பது ஆண்டுகளுக்குக் கிட்டப் பேனா பிடித்தவர், வெள்ளைப் படுக்கை விரிப்புகளை நீராவி உருளையில் செலுத்தினார். அதைப் பற்றி ஒருநாளும் குறைப்பட்டதில்லை. “கந்தோரில பிழை விட்டால் வழக்கு. இஞ்ச பிழை விட்டால் திரும்பத் தோய்க்கலாம்” என்றார்.

1991 மே 16, வியாழக்கிழமை, வதிவிட அனுமதி தொடர்பாக நகரசபை அலுவலகத்துக்கு அவருடன் நானும் போயிருந்தேன். “ஹெர் வாக்கர்!” என்று அலுவலர் அம்மையார் அழைத்தார். இவர் எழுந்துபோய் அவர் முன் நின்றார். அம்மையார் இவரைத் தாண்டிப் பின்வரிசையில் யாரையோ தேடினார். “ஹெர் வாக்கர்!” என்று இன்னும் உரக்க அழைத்தார்.

“நான்தான்.”

“நான் வாக்கரை அழைத்தேன்.”

“அவர்தான் நான், அம்மா.”

அம்மையார் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். “இது ஊரிப் பெயரல்லவா? நீங்கள் ஊரியிலிருந்தா?” என்றார்.

இவர் என் பக்கம் திரும்பினார். “அண்ணை, என்ர ஊரைக் கேக்கிறாவோ?”

“ஊரி எண்டு இஞ்ச ஒரு மாநிலம் இருக்கு. மலைப்பக்கம். அங்க உம்மட பேர்காரர் கனபேர் இருக்கினமாம்.”

இவர் நிமிர்ந்து, தமக்குத் தெரிந்த ஜெர்மனில், “ஊரி இல்லை, அம்மா. பண்டத்தரிப்பு. அங்கேயும் வாக்கர்கள் உண்டு” என்றார். அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். அனுமதி அட்டையில் பெயர் ஓரெழுத்தும் பிசகாமல் வந்தது.

சலவைப் பகுதியின் மேற்பார்வையாளரும் ஒரு வாக்கர். உண்மையிலேயே ஊரியைச் சேர்ந்தவர். பணிப்பட்டியலில் இருவரையும் பிரித்தறிய ஒருவரைப் ‘பெரிய வாக்கர்’ என்றும் மற்றவரைச் ‘சின்ன வாக்கர்’ என்றும் எழுதினார்கள். எங்கள் ஆள் ஒரு முழம் உயரம் கூடியவராதலால் அவரே பெரிய வாக்கர். 1994 செப்டம்பரில் ஒருநாள் யாரோ ஒரு தாதியின் கம்பளிச் சட்டை தவறுதலாகக் கொதிநீர் இயந்திரத்துக்குள் போய்விட்டது. வெளியே எடுத்தபோது ஐந்து வயதுப் பிள்ளைக்கு அளவான, பலகைபோல் தடித்த ஒரு பொருளாக இருந்தது. ஊரி வாக்கர் அதைத் தூக்கிப் பிடித்து, “பார்த்தாயா, நாம் இருவரும் குடும்பத் தொழிலுக்குத் திரும்பிவிட்டோம்!” என்று சொல்லிச் சிரித்தாராம். பிறகு விளக்கினாராம்.

அன்று வேலை முடிந்த கையோடு திரு. வாக்கர் என் வீட்டுக்கு வந்தார். சப்பாத்தைக் கழற்றுமுன்னரே, “அண்ணை, இவ்வளவு காலமும் பிழையான அர்த்தத்தோட திரிஞ்சிருக்கிறம். வாக்கர் எண்டால் நடக்கிறவன் இல்லையாம். மிதிக்கிறவனாம்!” என்றார்.

எதையும் சரிபாராமல் ஏற்பது என் வழக்கமன்று. அடுத்த மூன்று சனிக்கிழமைகளும் லூசேர்ன் நூலகத்தில் இருந்தேன். ஊரி வாக்கர் சொன்னது சரி. தறியிலிருந்து இறங்கும் கம்பளித் துணி எண்ணெய்ப் பிசுக்கோடு தளர்ந்து கிடக்கும். அதைத் தொட்டியிலிட்டு, நீரும் ஒருவகைக் களிமண்ணும், பழைய காலத்தில் புளித்த சிறுநீரும் சேர்த்து, மணிக்கணக்காகக் காலால் மிதிப்பார்கள். இழைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும். துணி சுருங்கித் தடித்து, குளிர் காற்று புகாததாகும். இந்த வேலையைச் செய்தவர்களை இங்கிலாந்தின் வடக்கே வாக்கர் என்றார்கள்; தென்கிழக்கில் ஃபுல்லர் என்றார்கள்; தென்மேற்கில் டக்கர் என்றார்கள். தொழில் ஒன்று, பெயர் மூன்று. ஆகவே பெயரை வைத்தே ஒருவரின் முன்னோர் எந்தப் பக்கத்தவர் என்று ஓரளவு ஊகிக்கலாம். பின்னர் நீராற்றலில் இயங்கும் சம்மட்டிகள் வந்து மிதிப்பவரின் கால்களுக்கு ஓய்வு கொடுத்தன. பெயர் மட்டும் நின்றது. ஜெர்மன் பேசும் மலைநாட்டிலும் அதே வேர்ச்சொல், அதே தொழில், அதே பெயர். எனவே சின்ன வாக்கரும் பெரிய வாக்கரும் இரத்த உறவினர் அல்லர், தொழில் உறவினர்.

இதை வாசித்துக் காட்டியபோது அவர் அடைந்த மகிழ்ச்சியை எழுதி முடியாது. “அப்ப முருகேசருக்குப் பேர் குடுத்த மனிசன்ர ஆக்கள் வடக்குப் பக்கம். நாங்களும் வடக்கு” என்றார். “இதைச் சங்க மலரில எழுதுங்கோ அண்ணை. எங்கட சனம் அறியட்டும்.”

எழுதினேன். 1995 தை மாதம் வெளியான சங்க மலரில், 22ஆம் 23ஆம் பக்கங்களில் அக்கட்டுரை உள்ளது. நம் வாசகருக்கு விளங்க ஒரு தமிழ்ச் சொல் தேவைப்பட்டது. பழைய ஆங்கிலத் தமிழ் அகராதியொன்றில் ஃபுல்லர் என்ற சொல்லுக்கு ‘வண்ணான்’ என்று பொருள் கண்டேன். நான் எழுதிய வாக்கியம் இது: “ஆங்கிலேயரிடையே கௌரவத்துடன் வழங்கும் இப்பெயர், அதன் வேரில், வெறும் வண்ணான் என்றே பொருள்படும்.”

அப்பொழுது கிரேஸுக்கு வின்டர்தூரில் ஒரு கிறிஸ்தவ யாழ்ப்பாணக் குடும்பத்தில் சம்பந்தம் பேசி முடித்திருந்தார்கள். பேசிவைத்தவர் எங்கள் சங்கச் செயலாளர் குலசிங்கம். மாப்பிள்ளையும் கிரேஸும் ஒருவரையொருவர் இரண்டு தடவை சந்தித்து ஒப்புக்கொண்டிருந்தார்கள். நிச்சயம் செய்யும் நாள் 1995 பெப்ரவரி 19, ஞாயிற்றுக்கிழமை. அதற்கு ஐந்து நாட்கள் முன்னதாகக் குலசிங்கம் என் வீட்டுக்கு மலரும் கையுமாக வந்தார்.

“ஐயா, என்ன வேலை பாத்து வைச்சிருக்கிறியள்? வின்டர்தூர்க்காரர் இதை வாசிச்சிட்டுப் போன் அடிக்கினம். ‘உங்கட மலரிலேயே கிடக்கு, வாக்கர் எண்டால் வண்ணான் எண்டு. எங்களுக்கு ஏன் முதலே சொல்லேல்லை’ எண்டு கேக்கினம்.”

“அது இங்கிலாந்தில இருந்த தொழில், தம்பி. முருகேசருக்கும் அதுக்கும் என்ன தொடர்பு?”

“அதைத்தான் நானும் சொன்னனான். அவை சொல்லுகினம், வெள்ளைக்காரன் சும்மா பேர் வைப்பானோ, ஆளின்ர சாதியை விசாரிச்சுத்தான் வைச்சிருப்பான் எண்டு.”

நான் என் வாழ்நாளில் கேட்ட மடமைகளுள் இதற்கே முதலிடம். கடல் கடந்து, தாம் ஒருபோதும் காணாத ஒரு பிள்ளையின் படிப்புக்கு உதவிய ஒரு மனிதர், யாழ்ப்பாணத்துச் சாதி வரிசையைக் கற்றுத் தேர்ந்து, அதற்குப் பொருத்தமான ஆங்கிலப் பெயரைத் தெரிந்தெடுத்து அனுப்பினாராம்! இதை நம்பியவர்கள் படிக்காதவர்கள் அல்லர். ஒருவர் பொறியியலாளர். ஞாயிறுதோறும் தேவாலயத்தில் முன்வரிசையில் இருப்பவர்கள். போரிலும் அகதி முகாமிலும் வீடு, காணி, பிள்ளைகள் என்று எதையெதையோ பறிகொடுத்தவர்கள், இந்த ஒன்றை மட்டும் பத்திரமாகப் பெட்டியில் வைத்துச் சுங்கம் கடத்திக்கொண்டு வந்திருக்கிறார்கள்.

சம்பந்தம் முறிந்தது. நான் ஒரு திருத்தம் எழுதினேன். மிதித்துத் துணியைத் தடிப்பாக்குபவர் வேறு, அழுக்குத் துணியை வெளுப்பவர் வேறு, ஆகவே திரு. வாக்கரின் குடும்பத்தை அவ்வாறு எண்ணுதல் தகாது என்று ஒன்றரைப் பக்கம். 1995 மார்ச் 4, சனிக்கிழமை, அதை அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோனேன். கிரேஸ் தேநீர் வைத்தார். திரு. வாக்கர் மூக்குக்கண்ணாடியை மாட்டி, கந்தோரில் உறுதி பார்ப்பதுபோல் வரி வரியாகப் படித்தார். ஓரிடத்தில் ஒற்று விடுபட்டிருந்ததைத் திருத்தினார். பிறகு தாளை மடித்து என்னிடமே தந்தார்.

“இதைப் போடாதேங்கோ அண்ணை.”

“ஏன்? எல்லாம் சரியாத்தானே எழுதியிருக்கிறன்?”

“சரிதான். ஆனா இதைப் போட்டால், வண்ணார் எண்டால் குறைவெண்டு நாங்களும் ஒப்புக்கொண்டமாதிரி. ‘நான் அந்த ஆளில்லை, அந்த ஆளில்லை’ எண்டு ஊரெல்லாம் நோட்டீஸ் ஒட்டச் சொல்லுறியளோ?”

 அவர் மலரை எடுத்து 23ஆம் பக்கத்தைத் திறந்தார். பதினோராம் வரியில் விரலை வைத்தார்.

“திருத்த வேணுமெண்டால் இதைத் திருத்துங்கோ. ‘வெறும்’ எண்டு ஒரு சொல்லுப் போட்டிருக்கிறியள். அது எந்த அகராதியில கிடந்தது?”

எந்த அகராதியிலும் கிடக்கவில்லை. அது என்னிடமிருந்து வந்தது. எழுதும்போதும் வந்ததை அறியவில்லை. அச்சுப்படி இரண்டு தடவை பார்த்தபோதும் அறியவில்லை. காற்புள்ளிக்காக அச்சகத்தாருடன் சண்டை பிடித்த நான் அந்தச் சொல்லைக் கடந்து போயிருக்கிறேன்.

கிரேஸ் என் முன்னால் தேநீரை வைத்தார். “அங்கிள், அந்த ஆள் எனக்கு வேண்டாம். ஒரு சொல்லுக்குப் பயந்து ஓடுறவரோட என்னெண்டு சீவிக்கிறது? ஆனா நீங்கள் இந்த ஒன்றரைப் பக்கத்தையும் போட்டால், எனக்கு உங்களையும் வேண்டாம்” என்றார். சொல்லிவிட்டு, “சீனி காணுமோ?” என்றும் கேட்டார்.

பிறகு நடந்தவை சிறியவை. சிறியவையாதலால் எவரும் அவற்றைப் பதியமாட்டார்கள், நான் பதிகிறேன். சங்க விழாக்களில் தேநீர்க் கேத்தலுடன் வரிசை வரிசையாகப் போய்ப் பரிமாறுவது திரு. வாக்கரின் வழக்கம். 1995 சித்திரை விழாவில் இரண்டு பேர் ஓடிவந்து, “நீங்கள் இருங்கோ ஐயா, உங்களுக்கேன் கரைச்சல்” என்று கேத்தலைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். எவ்வளவு மரியாதை! அடுத்த விழாவிலும் வாங்கினார்கள். அதற்கடுத்த விழாவிலும். அவர் கையால் ஊற்றிய தேநீரை அதற்குப்பின் அந்த மண்டபத்தில் எவரும் குடிக்கவில்லை. அவமதிப்பை இவ்வளவு பணிவான குரலில் செய்ய எங்களவர்களுக்கு மட்டுமே தெரியும்.

அதே ஆண்டு டிசம்பரில் நத்தார்ப் பண்டிகை ஒன்றுகூடல் முடிந்ததும், ஒருவர் மேசைவிரிப்புகளை மூட்டையாகக் கட்டி அவர் முன்னால் வைத்தார். “ஐயா ஹொஸ்பிற்றல் லோண்டரியிலதானே. ஒருக்காத் தோய்ச்சு எடுத்துக்கொண்டு வாருங்கோவன்.” பின்னாலிருந்து யாரோ சிரித்தது எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனார். மறுவாரம் அத்தனை விரிப்புகளும் வீட்டிலேயே தோய்த்து, மடிப்புக் குலையாமல் திரும்பி வந்தன. மேலே ஒரு சிறிய அட்டை. ‘வாழ்த்துக்களுடன், ஜே. ரி. வாக்கர். பெயரும் தொழிலும் ஒன்றே’ என்று அழகிய ஆங்கிலக் கையெழுத்தில் எழுதியிருந்தது. அட்டையை எவரும் வாசிக்கவில்லை. விரிப்பை விரித்துக் கறை இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

அதைச் சொல்லி அன்று நான் கொதித்தபோது அவர் சிரித்தார். “அண்ணை, கோபத்தை எல்லாம் நீங்களே வைச்சுக்கொள்ளுங்கோ. ரெண்டு பேருக்கும் பிறெசர் ஏறினால் ஆர் டொக்டரிட்டைக் கூட்டிக்கொண்டு போறது?” கோபத்தை நான் வைத்துக்கொண்டேன். இதயம் நின்றது அவருக்கு.

அவர் காலமான மறுநாள், மார்ச் 12, குலசிங்கம் தொலைபேசியில் பேசினார். “ஐயா, அறிவித்தலில யோசுவா தம்பையா எண்டு மட்டும் போடுறம். வாக்கரை விடுவம்.”

“ஏன்?”

“அந்தப் பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஆகேல்லை, ஐயா. பேரைக் கண்டால் பழசெல்லாம் கிளம்பும். செத்த மனிசனுக்கும் ஒரு மரியாதை இருக்கெல்லோ.”

“பிள்ளையைக் கேட்டீரோ?”

“அவ சின்னப் பிள்ளை. அவவுக்கு உலகம் தெரியாது.”

கிரேஸுக்கு வயது இருபத்தெட்டு. நான் அவரிடம் சொன்னதில் அச்சிடத்தக்க பகுதி இது: “குலசிங்கம், முருகேசரிட்டையிருந்து வைச்ச பேரைப் பறிச்ச மிஷன்காரர், பதிலுக்கு இன்னொரு பேராவது குடுத்தவை. நீர் பறிக்கத்தான் வாறீர்.” தொலைபேசியை வைத்துவிட்டேன். அறிவித்தல் அவர் சொன்னபடியே வெளிவந்தது.

இனி, இரண்டு ஆண்டுகள் தாமதமான என் கடமை. 1995ஆம் ஆண்டுச் சங்க மலர், பக்கம் 23, வரி 11: ‘வெறும்’ என்ற சொல்லை நீக்கி வாசிக்கவும். அதை எழுதியவன் நான். பிழை அகராதியினுடையதன்று, அச்சகத்தினுடையதன்று. இத்திருத்தத்தை அவர் உயிருடன் இருந்த எழுநூறுக்கு மேற்பட்ட நாட்களில் எந்த நாளிலும் நான் வெளியிட்டிருக்கலாம். வெளியிடாததற்கு என்னிடம் காரணம் இல்லை. வெட்கம் மட்டுமே இருந்தது. மற்றவர்கள்மேல் எனக்குள்ள கோபத்தில் ஒரு பங்கை இங்கே என் பெயரில் பதிந்துகொள்கிறேன்.

அடக்கம் மார்ச் 14, வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணிக்கு நடந்தது. மெல்லிய மழை. போதகர் செபத்தை முடித்ததும், கிரேஸ் குழியின் தலைமாட்டில் தனியே நின்றார். இந்நாட்டு வழக்கப்படி, வந்தவர்கள் வரிசையாகப் போய் அவரிடம் கை கொடுத்தார்கள். கை கொடுக்கும்போது இந்நாட்டார் தம் குடும்பப் பெயரைச் சொல்வார்கள். பதினேழு வயதில் இங்கே வந்து, பல் வைத்தியரின் உதவியாளராக நாள்தோறும் அந்நியர்க்குக் கை கொடுப்பவர் கிரேஸ், அதை நன்கறிந்தவர். ஆனால் அன்று வந்தவர்களில் பெரும்பாலோர் அவரைச் சிறு பிள்ளையிலிருந்து அறிந்த எங்களவர்கள். அவர்களிடம் பெயர் சொல்லத் தேவையே இல்லை.

முதலில் குலசிங்கம் போனார். கையை நீட்டினார். கிரேஸ் அதைப் பற்றிக்கொண்டு, அவர் முகத்தை நேரே பார்த்து, தெளிவாகச் சொன்னார்: “வாக்கர்.”

குலசிங்கம் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். அடுத்தவருக்கும், “வாக்கர்.” கேத்தலை வாங்கிய இருவருக்கும், மேசைவிரிப்பு மூட்டையை வைத்தவருக்கும், அவர் மனைவிக்கும், “வாக்கர்.” குரல் உயரவுமில்லை, தாழவுமில்லை. யாராலும் கையை விடுவித்துக்கொள்ள முடியவில்லை; பெயரைச் சொல்லி முடித்த பிறகே அவர் விட்டார். ஓய்வு பெற்றுவிட்ட ஊரி வாக்கர் கறுப்புத் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி வரிசையில் வந்தார். “வாக்கர்” என்றார் கிரேஸ். “வாக்கர்” என்றார் அவரும். அந்த ஒரு தடவை மட்டும் கிரேஸ் மற்றக் கையையும் சேர்த்துப் பிடித்தார்.

வரிசையின் கடைசி ஆள் நான். ஐம்பதுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்லி அவருடைய குரல் கரகரத்திருந்தது. பிறந்த நாள் முதல் அறிந்த பிள்ளை, நான் யாரோ புதியவன்போல என் கையைப் பற்றி, எனக்கும் சொன்னார். நான் குழியின் பக்கம் திரும்பி, முப்பத்தெட்டு ஆண்டுகளும் ஒன்பது மாதங்களும் அழைத்தபடியே அழைத்தேன்.

மிஸ்டர் வாக்கர், போய்வாரும்.